ஒட்டுவதும் வழுக்குவதும்: தாவரக் கோழையில் நீரின் பங்கு

கருவேலம் பிசினைக் கரைத்துத் தாளில் தடவிக் காயவிட்டால் அது ஒட்டுகிறது. அதே பிசினை நீர் கூட்டிக் கரைத்து வறண்ட தொண்டைக்குக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கி எரிச்சலைத் தணிக்கிறது. ஒரே மரம், ஒரே பொருள், எதிரெதிரான இரண்டு வேலைகள். வெண்டைக்காய், உளுந்து, வெந்தயம், சப்ஜா விதை, இசப்கோல், கற்றாழை, செம்பருத்தி இலை எனத் தமிழ் வீடுகளில் புழங்கும் கொழகொழப்பான தாவரப் பொருள்கள் பலவற்றிலும் இந்த இரட்டைக் குணம் இருக்கிறது. ஆனால் அவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது பெரும்பாலும் மூலிகைப் பட்டியலின் வடிவத்தில் இருக்கிறது. இந்தச் செடி இந்த நோய்க்கு, அந்த விதை அந்த உபாதைக்கு என்பதோடு முடிந்துவிடுகிறது. அறிவியல் நூல்கள் மறுகோடியில் நின்று எந்தச் செடியில் எந்தச் சர்க்கரை எத்தனை பங்கு என்று கணக்கிடுகின்றன. இருவரும் பொருளின் அடையாளத்தைத்தான் தேடுகிறார்கள். அந்தப் பொருள் எந்த நிலையில் வேலை செய்கிறது என்பது இரண்டு பக்கமும் பின்னுக்குப் போய்விடுகிறது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: தாவரக் கோழையின் பயன்களை விளக்க, செடியின் பெயரும் வேதிக்கூறும் போதுமா? போதா என்பது என் வாதம். ஒரு கோழைப்பொருள் பசையாவதா, களியாவதா, வழுக்குநீராவதா என்பதை முதலில் தீர்மானிப்பது அதனுடன் சேர்ந்திருக்கும் நீரின் அளவு. வேதிக்கூறு, எந்த அளவு நீரில் எந்த நிலை வாய்க்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இப்படிப் பார்த்தால், தனித்தனி அற்புதங்களாகச் சொல்லப்படும் பல பயன்கள் ஒரே வரிசையில் வந்து நிற்கும். வரிசையில் நிற்க மறுப்பவையும் உண்டு. அவற்றையும் பார்க்க வேண்டும்.

வகைப்பாட்டின் தொல்லைகள்

மருந்துத் தாவரவியல் பாடநூல்கள் நெடுங்காலமாக ஒரு பிரிவினையைச் சொல்லிவந்திருக்கின்றன. மரம் காயம்பட்டால் கசிவது பிசின். காயமின்றி இயல்பாகவே திசுக்களுக்குள் இருப்பது கோழை. பிசின் நீரில் கரையும். கோழை கரையாமல் ஊதும். கேட்பதற்கு ஒழுங்காக இருக்கும் இந்தப் பிரிவினை சந்தைக்குப் போனதும் குலைந்துவிடுகிறது. உலக வணிகத்தில் பிசின் என்றே விற்கப்படும் கொத்தவரைப் பிசின் எந்தக் காயத்திலிருந்தும் கசிவதில்லை. அது விதைக்குள் முளைக்காகச் சேமிக்கப்பட்ட உணவு. மேற்காசிய மலைகளின் முட்செடிகளிலிருந்து கிடைக்கும் டிராககாந்த் பிசினில் ஒரு பகுதி கரைகிறது, மறுபகுதி ஊதி நிற்கிறது. நம் கடைகளில் பாதாம் பிசின் என்ற பெயரில் கிடைப்பது மரத்திலிருந்து கசிந்தது என்றாலும் கரைவதில்லை. இரவெல்லாம் ஊறிக் கண்ணாடிக் கட்டிகளாகப் பெருக்கிறது. பிறந்த இடத்தைக் கொண்டு பிரித்தால் நடத்தை பொருந்துவதில்லை. நடத்தையைக் கொண்டு பிரித்தாலோ பிறப்பு பொருந்துவதில்லை.

இதைவிடப் பழையதும் உறுதியானதுமான சல்லடை ஒன்று உண்டு. அது நீர். குங்கிலியத்தை நீரில் எத்தனை நாள் போட்டாலும் கரையாது. சாராயத்திலோ எண்ணெயிலோதான் கரையும். ரப்பர் மரத்தின் பால் கரைசலே அல்ல. நீரில் மிதக்கும் நுண்துளிகளின் கூட்டம். இவையும் பிசுபிசுப்பவைதான், ஆனால் இவற்றின் பிசுபிசுப்புக்கும் நீருக்கும் உறவில்லை. ஆகவே இவை இக்கட்டுரைக்கு வெளியே நிற்கின்றன. பெருங்காயம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை நீரில் கரைத்தால் வெண்மையாகக் கலங்குவதற்குக் காரணம், அதிலுள்ள பிசின் பகுதி கரைந்து, கரையாத குங்கிலியப் பகுதியையும் எண்ணெயையும் சிறு துளிகளாகத் தாங்கிப்பிடிப்பது.

சல்லடையில் நீர்ப்பக்கம் தங்கியவை எல்லாம் பெரும்பாலும் சர்க்கரை அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலிகள். வேதியியலார் இவற்றைப் பல குடும்பங்களாகப் பிரிப்பது சரியே. ஆனால் அந்தப் பிரிவுகள் நடைமுறையில் எதைச் சொல்கின்றன என்று கவனிக்க வேண்டும். வெந்தயம், கொத்தவரை, மத்தியதரைக்கடல் நாடுகளின் கேரப் மரத்து விதை மூன்றிலும் இருப்பது ஒரே வகைச் சங்கிலி: மானோஸ் முதுகெலும்பு, அதில் கிளைவிட்ட கேலக்டோஸ். வெந்தயத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. கொத்தவரையில் இரண்டு மானோஸுக்கு ஒரு கேலக்டோஸ். கேரபில் நான்குக்கு ஒன்று. கிளை குறைந்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படுத்துக்கொள்கின்றன, நீர் உள்ளே நுழைய இடமிருப்பதில்லை. அதனால்தான் கொத்தவரைப் பொடி குளிர்ந்த நீரிலேயே கெட்டிப்படுகிறது; கேரப் பொடியைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. மறுபுறம், கருவேலின் ஆப்பிரிக்க உறவான மரத்தில் சூடான் விவசாயிகள் எடுக்கும் அரபுப் பிசின் அடர்ந்து கிளைத்துப் பந்துபோல் சுருண்ட சங்கிலி. நீரின் எடைக்குச் சமமாகக் கரைத்தாலும் அது ஊற்றும் பதத்தில் இருக்கும். கொத்தவரைப் பிசினோ நூற்றில் ஒரு பங்கிலேயே கெட்டியாகிவிடும். வேதியியல் இங்கே சொல்வதெல்லாம் நீர் எவ்வளவு எளிதாக உள்ளே வரும், வந்தபின் எவ்வளவு தூரம் சங்கிலியை விரிக்கும் என்பதுதான்.

செடிக்கு இதனால் என்ன?

மனிதப் பயனை எடைபோடும் முன் செடியின் பயனைப் பார்ப்பது தகும். சப்ஜா விதையை நீரில் போட்ட சில நிமிடங்களில் அதைச் சுற்றி ஒரு களி உறை எழும்புகிறது. ஆளியும் இசப்கோலும் அப்படியே. இந்த உறை எதற்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, நீரைச் சேமித்து முளைப்புக்கு உதவுகிறது என்பது. ஆய்வகங்களின் செல்லச் செடியான அராபிடாப்சிஸில் கோழை குறைந்த திரிபு விதைகளை வைத்துச் சோதித்தபோது, ஈரம் தாராளமாக இருக்கும் இடத்தில் அவை மற்ற விதைகளைப் போலவே முளைத்தன. நீர் கிடைப்பது அரிதானபோதுதான் பின்தங்கின. மற்றொரு விளக்கம், கோழை விதையை மண்ணோடு ஒட்டிவைத்து, காற்றும் வெள்ளமும் அடித்துச் செல்லாமல் காக்கிறது என்பது. மணல் பூசிக்கொண்ட விதையை எறும்புகள் எடுத்துச்செல்வது குறைகிறது என்பதற்கும் சான்று உண்டு. இரண்டாவது விளக்கம் என் வாதத்துக்கு எதிரானது போலத் தோன்றும்: இங்கே செடிக்கு வேண்டியது ஒட்டுதல்தானே? ஆனால் ஒட்டுதல் நிகழும் விதத்தைப் பாருங்கள். நனைந்த விதை மணலைச் சேர்த்துக்கொள்கிறது. காய்ந்த பிறகுதான் மணல் இறுகிப் பிடிக்கிறது. முதல் மழையும் அதை அடுத்த வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை இது. நீர் வந்துபோவதன் இரண்டு கட்டங்களை இரண்டு தனிப் பயன்களாகப் பிரித்தெழுதியதில்தான் சர்ச்சையே பிறந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

பூச்சிகளைப் பிடிக்கும் பனிப்பூண்டுச் செடிகள் இன்னும் கடினமான எதிர்வாதம். 1875இல் வெளிவந்த டார்வினின் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூல் பெரும்பகுதி இவற்றைப் பற்றியதே. இவற்றின் இலைமுடிகளில் நிற்கும் துளி பசைக்கென்றே உருவானது. அங்கே நீர்ச்சேமிப்பு என்ற பேச்சுக்கு இடமில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தத் துளியில் பெரும்பகுதி நீர், சர்க்கரைச் சங்கிலி சிறு பங்குதான். பூச்சி இழுக்க இழுக்க நூலாக நீளும் குணம் அந்த விகிதத்தில்தான் கிடைக்கிறது. வறண்ட காற்றில் துளி வற்றினால் பொறியும் வேலைசெய்யாது. நோக்கம் ஒட்டுதலாக இருக்கலாம். ஒட்டுதலை நடத்துவது நீரின் பங்குதான்.

மெக்சிகோவின் ஒஹாக்கா மலைப்பகுதியில் மிஹே மக்கள் வளர்க்கும் ஒரு மக்காச்சோள வகை இந்தப் பேச்சில் தனி இடம் பெறுகிறது. அதன் தண்டில் மண்ணுக்கு மேலே கொத்துக் கொத்தாக வரும் வேர்களிலிருந்து மழைக்காலத்தில் களி வழிகிறது. 2018இல் வெளியான ஆய்வு, அந்தக் களிக்குள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதையும், பயிர் தன் நைட்ரஜனில் 29 முதல் 82 விழுக்காடு வரை இவ்வழியில் பெறுவதையும் காட்டியது. நைட்ரஜனைப் பிணைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பகை. களிக்குள் உறைந்து நிற்கும் நீரில் ஆக்சிஜன் மெதுவாகவே பரவுகிறது. களியின் சர்க்கரை நுண்ணுயிருக்கு உணவாகிறது. பாய்ந்தோட முடியாதபடி நீரைக் கட்டிப்போடுவதால் ஒரு வேதிச் சூழலே உருவாகிறது. மழையற்ற நாளில் இந்த வேர்கள் வெறும் வேர்கள்.

மாவும் சுண்ணாம்பும்

சமையலறையில் இந்த அறிவு எழுதப்படாமலே செயல்பட்டு வந்திருக்கிறது. வெண்டைக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்குவது, மூடிபோடாமல் வதக்குவது, வழவழப்பு அடங்கும்வரை உப்பிடாமல் இருப்பது ஆகிய மூன்றும் கோழைக்கு நீர் கிடைக்காமல் தடுக்கும் உபாயங்கள். புளியோ தயிரோ சேர்ப்பது வேறு வழி. வெண்டைக் கோழையின் சங்கிலியில் அமிலக் குழுக்கள் உண்டு. அவற்றின் மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் சங்கிலி நீரில் விரிந்து நிற்கிறது. புளிப்பு கூடினால் மின்னூட்டம் அடங்கிச் சங்கிலி சுருளும். நூலிழுக்கும் தன்மை குறையும். முதல் வழி நீரை அகற்றுகிறது. இரண்டாவது, நீர் இருந்தும் அதைச் சங்கிலி பயன்படுத்த முடியாமல் செய்கிறது.

உளுந்து இதற்கு நேர் எதிர்த்திசை. இட்லி மாவு பொங்குவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பது பொதுவான அறிவு. 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வு, லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியத்தின் பங்கைத் தெளிவாக நிறுவியது. ஆனால் வாயு உண்டாவது ஒன்று, அது மாவில் தங்குவது வேறொன்று. வெறும் அரிசி மாவும் புளிக்கத்தான் செய்கிறது. வாயு மேலேறிப் போய்விடுகிறது, இட்லி கல்லாகிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970களில் சுசீலம்மாவும் ராவும் செய்த வேலை இந்த இடத்தில் முக்கியமானது. உளுந்தின் புரதம் நுரையை உண்டாக்குகிறது, அதன் அரபினோகேலக்டன் என்ற கோழைச் சர்க்கரை அந்த நுரையை ஆவியின் சூட்டிலும் உடையாமல் காக்கிறது என்று அவர்கள் வேலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். பாக்டீரியமும் தன் பங்குக்குக் கோழை உண்டாக்கக்கூடியதுதானே, அதையே காரணமாகச் சொல்லலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை உளுந்து வடையில் இருக்கிறது. வடைமாவு புளிக்கவைக்கப்படுவதில்லை. அரைத்த கையோடு அடித்துக் காற்றேற்றிய மாவைச் சிறிது கிள்ளி நீரில் போட்டால் மிதக்கிறது. காற்றைப் பிடித்துவைக்கும் திறன் நுண்ணுயிர் வருமுன்பே மாவில் இருக்கிறது. நீரின் அளவு பற்றிய எச்சரிக்கையும் வடையில்தான் கூர்மையாகத் தெரியும்: ஒரு கை நீர் கூடினால் மாவு காற்றை விட்டுவிடும், எண்ணெயைக் குடிக்கும்.

சுண்ணாம்புக் கட்டடங்களைப் பற்றிய பேச்சில்தான் ஒட்டுதல் என்ற எண்ணம் அதிகமாக வழிதவற வைக்கிறது. பழைய கோயில்களும் மாளிகைகளும் தாவரப் பசையால் ஒட்டப்பட்டு நிற்கின்றன என்ற நம்பிக்கை பரவலானது. கேரளத்தில் குளமாவு மரப்பட்டையின் கொழகொழப்பான சாறு சுண்ணாம்பில் சேர்ந்தது. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளியின் சாறு சேர்ந்தது. சீனத்தில் பசையரிசிக் கஞ்சி சேர்ந்தது. இவை பசையாக வேலை செய்திருந்தால், நீரில் கரையும் அந்தப் பசை சில மழைக்காலங்களைத் தாண்டியிருக்காது. சுவரைத் தாங்குவது சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து மாறும் கால்சியம் கார்பனேட். அந்த மாற்றம் நடக்கச் சாந்தில் ஈரம் இருந்தாக வேண்டும். விரைவில் காய்ந்தால் மாற்றம் பாதியில் நிற்கும், வெடிப்பும் விழும். தாவரச் சாறு நீரைப் பிடித்துவைத்து அந்த அவகாசத்தைத் தருகிறது. சீனத்துச் சாந்து பற்றி 2010இல் வெளியான ஜெஜியாங் பல்கலைக்கழக ஆய்வு மேலும் ஒன்றைச் சேர்த்தது: அரிசியின் அமைலோபெக்டின், கார்பனேட் படிகங்கள் பெரிதாக வளராமல் தடுத்து நெருக்கமான நுண்படிக அமைப்பை உண்டாக்குகிறது. இன்றைய கட்டுமானத்திலும் ஓடு பதிக்கும் சாந்திலும் பூச்சுக் கலவையிலும் சேர்க்கப்படும் செல்லுலோஸ் ஈதர்களின் முதல் வேலை நீரைத் தக்கவைப்பதே. கொத்தனார் கைக்குப் பிடிபட்டது, ஆலைப்பொடியாக மாறி மூட்டையில் வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டுச் சாந்தில் சேர்ந்த கடுக்காயும் வெல்லமும் இந்த வரிசையில் வருவன அல்ல. கடுக்காயில் வேலை செய்வது துவர்ப்பொருள். வெல்லம் சிறு மூலக்கூறுச் சர்க்கரை, சுண்ணாம்பின் கரைதிறனை மாற்றுகிறது. எல்லாவற்றையும் தாவரப் பசை என்று ஒரே மூட்டையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கட்டினால் எதுவும் விளங்காது.

உண்மையிலேயே ஒட்டுதலுக்காக மட்டும் பயன்படும் இடம் ஊதுபத்தித் தொழில். ஜிகட் எனப்படும் மரப்பட்டைப் பொடி, கரித்தூளையும் மணப்பொருளையும் குச்சியில் பிடித்துவைக்கிறது. நனைத்துப் பிசைந்தபோது உருட்டும் பதம், காய்ந்தபின் உதிராத பிடிப்பு. நீர் வெளியேறுவதே இங்கே உற்பத்தியின் கடைசிப் படி.

கொத்தவரை, 2012

நீரின் நிலையே விலைக்கு வாங்கப்படுகிறது என்பதற்கு ராஜஸ்தானின் கொத்தவரையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. நம் ஊரில் பொரியலுக்கும் வற்றலுக்கும் போகும் இந்தக் காய், மேற்கு இந்தியாவின் வறண்ட நிலங்களில் விதைக்காகவே பயிராகிறது. உலக உற்பத்தியில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்தியாவினது. தொழில்துறை இதைத் தேடிவந்தது இரண்டாம் உலகப்போரின்போது. மத்தியதரைக்கடலிலிருந்து கேரப் பிசின் வருவது தடைப்பட்டதும், அமெரிக்கக் காகித ஆலைகளுக்கு மாற்று தேவைப்பட்டது. பிறகு ஐஸ்கிரீம், துணி அச்சு, சுரங்கம் என்று அது பரவியது. உண்மையான வெறி பிறந்தது அமெரிக்காவில் பாறை உடைத்து எண்ணெயும் வாயுவும் எடுக்கும் தொழில் பெருகியபோது.

அந்தத் தொழிலில் கொத்தவரைப் பிசின் செய்யும் வேலையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆழத்தில் பாறையை நீரின் அழுத்தத்தால் வெடிக்கச்செய்து, வெடிப்பு மறுபடி மூடாமலிருக்க மணலை உள்ளே அனுப்புகிறார்கள். வெறும் நீரில் மணல் வழியிலேயே படிந்துவிடும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிசின் நீரைக் கெட்டியாக்குகிறது. போரேட் உப்பு சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னி, மணலைத் தாங்கும் களியாக்குகிறது. மணல் இடம் சேர்ந்ததும் அந்தக் களி அங்கே இருக்கக் கூடாது; இருந்தால் எண்ணெய்க்கு வழியில்லை. ஆகவே நொதிகளையோ ஆக்சிஜனேற்றிகளையோ முன்கூட்டியே கலந்து, சில மணி நேரத்தில் சங்கிலி துண்டாகிக் களி மறுபடி நீராகும்படி செய்கிறார்கள். ஒரு பொருளை அதன் குணத்துக்காக வாங்கி, அந்தக் குணத்தைக் குறித்த நேரத்தில் அழிக்கவும் தனியே செலவு செய்வது வியப்பான வணிகம். அவர்களுக்கு வேண்டியது சில மணி நேரம் கெட்டியாக இருந்து பிறகு நெகிழும் நீர்.

2011–12இல் விதையின் விலை பத்து மடங்குக்கு மேல் ஏறியது. 2012 மார்ச்சில் ஒழுங்குமுறை ஆணையம் கொத்தவரை விதை, பிசின் ஆகியவற்றின் முன்பேர வணிகத்தை நிறுத்தியது. 2013இல்தான் மறுபடி அனுமதித்தது. ஏற்றுமதி அளவு 2011–12இல் ஏறத்தாழ 7 லட்சம் டன்னாக இருந்து அடுத்த ஆண்டு 4 லட்சம் டன்னாகச் சரிந்தும், மதிப்பு 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இதற்குப் பின் நடந்ததைத்தான் என் வாதத்துக்குச் சான்றாகக் கொள்கிறேன். விலை தாங்காத எண்ணெய்த் தொழில், பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைச் சங்கிலியை மிகச் சிறிய அளவில் கலந்த மெல்லிய வழுக்குநீருக்குப் பெருமளவில் மாறிக்கொண்டது. அந்த நீர் மணலைக் களிபோல் தாங்குவதில்லை. குழாயில் உராய்வு குறைந்து அதிவேகமாகப் பாய்வதால் மணலை இழுத்துக்கொண்டு போகிறது. தாவரத்தோடு தொழிலுக்கு எந்தப் பற்றும் இருந்ததில்லை. நீரை வேண்டிய நிலைக்குக் கொண்டுவரும் எந்தச் சங்கிலியும் அதற்குப் போதும். அறுவடையை நம்பி நிலத்தைப் பெருக்கிய விவசாயிக்கு மட்டும் அது கொத்தவரையாக இருந்தது.

மிக நீர்த்த நிலையில்

அந்த வழுக்குநீர் வரிசையின் மறுமுனைக்கு நம்மைக் கொண்டுவருகிறது. மிக நீர்த்த நிலையில் சங்கிலிகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஆனாலும் விரைந்து பாயும் நீரின் சுழல்களை அவை அடக்கி உராய்வைக் குறைக்கின்றன. 1948இல் டாம்ஸ் அறிவித்த இந்த விளைவைச் செயற்கைச் சங்கிலி, கொத்தவரைப் பிசின் இரண்டுமே காட்டுகின்றன.

இதே நீர்த்த நிலையில்தான் என் வாதத்துக்கு வலுவான எதிர்வாதமும் இருக்கிறது. கலங்கிய நீர் உள்ள பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்தால் சேறு திரண்டு அடியில் படிகிறது. வட இந்தியாவில் வெல்லம் காய்ச்சுவோர், வெண்டைச் செடியின் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழ நீரைக் கொதிக்கும் கரும்புச் சாற்றில் விடுகிறார்கள்; அழுக்கு நுரையோடு திரண்டு மேலே வர, அகப்பையால் எடுத்துவிடுகிறார்கள். இங்கே நீரைப் பிடித்துவைப்பது எங்கே இருக்கிறது? சங்கிலி நீரை விட்டுவிட்டு அழுக்கையல்லவா பிடிக்கிறது? பிடிக்கிறது என்பது உண்மை. ஒரு சங்கிலியின் இரண்டு முனைகள் இரண்டு துகள்களில் பற்றி அவற்றைப் பாலமாக இணைக்கின்றன. ஆனால் சங்கிலி அவ்வளவு தூரம் எட்டுவதற்கு அது நீரில் முழுதும் விரிந்திருக்க வேண்டும். அளவும் முக்கியம். கோழை கூடிப்போனால் துகள்களின் மேற்பரப்பு முழுவதும் மூடப்பட்டுப் பாலம் அமைய இடமிராது. நீர் கெட்டிப்பட்டு வண்டல் படிவதும் தாமதமாகும். ஆகவே என் வாதத்தைத் திருத்திச் சொல்கிறேன்: தாவரக் கோழையின் பொதுக்குணம் நீரைப் பிடித்துவைப்பது என்பதைவிட, நீரால் விரிவது என்பது பொருத்தம். பிடித்துவைத்தல் அந்த விரிவின் ஒரு விளைவு. தேற்றாங்கொட்டையோடு சேர்த்தே பேசப்படும் முருங்கை விதை இந்தக் கணக்கில் வராது. அதில் நீரைத் தெளியவைப்பது நேர்மின்னூட்டம் கொண்ட புரதம்.

குடலில்

மருத்துவப் பயன்களில்தான் மிகையும் குழப்பமும் அதிகம். குஜராத்தின் உஞ்சா சந்தையிலிருந்து உலகெங்கும் போகும் இசப்கோல் உமி, மலச்சிக்கலுக்கும் கொடுக்கப்படுகிறது, வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கப்படுகிறது. எதிரெதிர் நோய்களுக்கு ஒரே மருந்து என்றதும் நம்பாதவர்கள் சிரிப்பார்கள், நம்புகிறவர்கள் மூலிகையின் மகிமை என்பார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. இசப்கோலின் சங்கிலியைக் குடல் நுண்ணுயிர்கள் எளிதில் சிதைப்பதில்லை. ஆகவே களி பெருங்குடலின் கடைசிவரை களியாகவே போகிறது. இறுகிய மலத்தில் அது தன் நீரால் நெகிழ்வைத் தருகிறது, நீர்த்த மலத்தில் மிகுந்த நீரை ஏற்றுக் கெட்டியாக்குகிறது. 1998இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதய நோய் ஆபத்தைக் குறைப்பது தொடர்பாக இசப்கோல் நார்ச்சத்துக்கு அனுமதித்த கூற்றும், நாளொன்றுக்கு 7 கிராம் கரையும் நார் என்ற அளவோடு வந்தது. களி பித்த அமிலங்களைத் தன்னோடு இழுத்துச் செல்வதே அதன் பின்னுள்ள முக்கிய விளக்கம்.

பாகுத்தன்மையே காரணம் என்பதை நேரடியாகச் சோதித்தது 1978இல் ஜென்கின்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு. பல வகை நார்களைக் குளுக்கோஸோடு கொடுத்து இரத்தச் சர்க்கரையை அளந்தபோது, அதிகப் பாகுத்தன்மை கொண்ட கொத்தவரைப் பிசின் ஏற்றத்தை அதிகமாகத் தணித்தது. அதே பிசினை நீராற்பகுத்து, சங்கிலியைத் துண்டித்துப் பாகுத்தன்மையை நீக்கிக் கொடுத்தபோது விளைவு மறைந்தது. சர்க்கரை அலகுகள் அதே அலகுகள். போனது நீரில் விரியும் நீளம் மட்டுமே.

நீரின் இடத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கொத்தவரையே சான்று தந்தது. உடல் இளைக்கவென்று அமெரிக்காவில் விற்கப்பட்ட கொத்தவரைப் பிசின் மாத்திரைகள் உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்ட நிகழ்வுகள் 1990 வாக்கில் வெளிச்சத்துக்கு வந்து, அவை சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. நீரில் ஊதும் பிசின் கொண்ட மருந்துகள் போதிய நீரின்றி உட்கொண்டால் தொண்டையை அடைக்கலாம் என்ற எச்சரிக்கையும் அங்கே கட்டாயமானது. வீட்டில் வெந்தயத்தையும் சப்ஜாவையும் ஊறவைத்துச் சாப்பிடும் பழக்கம் இந்த ஆபத்தைத் தானாகவே தவிர்க்கிறது. இன்று அதே பொருள்கள் பொடியாகி, குப்பியில் அடைபட்டு, மாத்திரை உறைக்குள் வருகின்றன. உலர்ந்த 500 மில்லிகிராம் பொடியைக் கொடுத்துச் சோதித்துவிட்டு, ஊறிய கோழையின் பயன் நிறுவப்பட்டது என்றோ மறுக்கப்பட்டது என்றோ எழுதுவது இரண்டு வேறு பொருள்களைக் குழப்புவது. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊறிய சப்ஜா நிறைய நீரைத் தாங்கியிருக்கிறது என்பது கண்ணால் காணக்கூடியது. அதனால் அது உடற்சூட்டைத் தணிக்கும் என்பது வேறு கூற்று. முன்னது பின்னதற்குச் சான்றாகாது.

கடைசியாக, இந்த அளவுகோலுக்கு அடங்காத ஒன்று. ஜென்கின்ஸ் ஆய்வில் பயனிழந்த அந்தத் துண்டித்த கொத்தவரைப் பிசினை, பிற்காலத்தில் உணவுத் தொழில் வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டது. பானங்களில் கலந்தால் கெட்டிப்படாது, சுவையும் தெரியாது; ஆனால் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் அதை நன்றாகச் சிதைத்து, குடற்சுவருக்கு உணவாகும் சிறு கொழுப்பமிலங்களைத் தருகின்றன. நீரில் விரிய வேண்டிய நீளம் இல்லாமலே இந்தப் பயன் கிடைக்கிறது. இங்கே நீரின் அளவு எதையும் விளக்குவதில்லை. எந்தச் சர்க்கரை, எந்தப் பிணைப்பு, அதை எந்த நுண்ணுயிரின் நொதி அறுக்கும் என்ற வேதியியலாரின் பழைய கேள்விகளுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.